நாங்கள் இருவரும் இளைத்த வருடம்

என் மச்சானின் உடம்பு வேகமாக இளைக்கத் தொடங்கியபோது எனக்கு முதலில் வந்தது பொறாமை. இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் எல்லாமே பொய்யாகிவிடும்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். எங்கள் இருவருக்கும் ஒரே வயது, நாற்பத்திரண்டு. பீடோருக்கு உள்ளே ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, கல்யாணத்துக்குப் பிறகு ஈப்போவில் சிலிபின் பக்கம் அடுத்தடுத்த வரிசை வீடுகளில் குடியேறினோம். அவன் வீடுகளுக்குக் குளிர்சாதன ஏர்கோன் பொருத்தும் வேலை பார்த்தான். நான் ஓர் ஓட்டுத் தொழிற்சாலையில் கிடங்குப் பொறுப்பாளன். இருவருமே நல்ல குண்டு. அவன் ஏணியில் ஏறும்போது கீழே பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். என்னைத் தொழிற்சாலையில் எல்லோரும் மலாயில் ‘கெமோக்’, குண்டன், என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாக அந்தப் பெயருக்குச் சிரித்த முகத்தோடு திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் பிறந்த தோட்டத்தில் இப்போது ரப்பர் மரங்கள் இல்லை, தொழிலாளர் லயங்களும் இல்லை. எங்கு பார்த்தாலும் எண்ணெய்ச் செம்பனை. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. வருடத்தில் ஒரு நாள் திருவிழாவுக்காக எல்லோரும் காரில் வந்து சேருவோம். அந்த வருடத் திருவிழாவில் உருமி மேளத்துக்கு முன்னால் நானும் மச்சானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டையில்லாமல் ஆடினோம். யாரோ அதைக் கைத்தொலைபேசியில் எடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பன்னிரண்டு விநாடி வீடியோவாக வந்தது. எங்கள் முகங்கள் அதில் இல்லை. இரண்டு வயிறுகள் மட்டும். அடிக்கு அடி குலுங்கிக்கொண்டிருந்தன. கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். என் மகளும் ஒன்று போட்டிருந்தாள். சிறிது நேரத்தில் அதை அழித்துவிட்டாள். அவள் போட்டதைவிட அழித்ததுதான் எனக்கு வலித்தது.

அன்று சாயங்காலம் மச்சான் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“பாத்தியா மச்சான்?”

“பாத்தேன்.”

“நாளையிலேர்ந்து நடக்கப் போலாம். காலையில ஆறு மணிக்கு நான் ஹார்ன் அடிப்பேன். வரலன்னா உள்ள வந்து இழுத்துட்டுப் போவேன்லா.”

அப்படித்தான் ஆரம்பித்தது. போலோ திடலைச் சுற்றி நடந்தோம். தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் சீனக் கிழவர்கள் கையை ஆட்டிப் பயிற்சி செய்வார்கள். பனி விலகாத நேரத்தில் தூரத்துச் சுண்ணாம்புக் குன்றுகளின் அடிப்பாகம் தெரியாது. மேல்பாகம் மட்டும் மிதக்கும். நடந்து முடித்து சாலையோர ஒட்டுக்கடையில் சீனி போடாத தேத்தண்ணி குடித்துவிட்டு வேலைக்குப் போவோம். சோற்றைக் குறைத்தோம். ரொட்டி சானாயை விட்டோம். மச்சான் கண்ணாடியில் செய்த எடைக்கருவி ஒன்றை வாங்கி அவன் வீட்டுச் சமையலறையில் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் அதன்மேல் ஏறிப் பார்ப்போம். அவன் மனைவி குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் எழுதுவாள்.

முதல் நான்கு மாதம் நான்தான் முன்னால் இருந்தேன். அவன் அவ்வப்போது ஏமாற்றுவான். வேலைக்குப் போகிற இடத்தில் யாராவது பலகாரம் கொடுத்தால் மறுக்க மாட்டான். என்னால் மறுக்க முடிந்தது. மறுப்பதில் ஒரு சுகம் வந்துவிட்டது. பசி எடுக்கும்போது வயிற்றுக்குள் யாரோ எனக்காக வேலை செய்வதுபோல் இருக்கும். தொழிற்சாலையில் ‘கெமோக்’ என்று கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பாசாரில் மீன்காரர் என்னை அடையாளம் தெரியாமல் விழித்தார். சந்திக்கிறவர்கள் எல்லோரும், “எப்படிலா இப்படி இளைச்சே?” என்று கேட்டார்கள்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் அதே ஆள்தான் நின்றான். வயிற்றிலிருந்த கொழுப்பு போய், தோல் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. குனிந்தால் அது மடிந்து தொங்கும். மார்பும் தொங்கியது. நான் அதைக் கையில் பிடித்துப் பார்ப்பேன். இன்னும் இவ்வளவு இருக்கிறது என்று தோன்றும். கடைக் கண்ணாடி, கார்க் கண்ணாடி, அணைந்து கிடக்கும் தொலைக்காட்சி, எதைக் கடந்தாலும் என்னைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பன்னிரண்டு விநாடி வீடியோதான் தெரியும். மனைவிக்கு முன்னால்கூடச் சட்டையைக் கழற்றுவதை விட்டுவிட்டேன். அவள் ஒருநாள், “ஏங்க, என்னைக் கண்டா வெக்கமா உங்களுக்கு?” என்று கேட்டாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். நான் கதவைச் சாத்தியதும் அவள் முகம் மாறிவிட்டது.

ஐந்தாவது மாதம் மச்சான் என்னை எட்டிப் பிடித்தான். ஆறாவது மாதம் தாண்டிவிட்டான்.

குளிர்ப்பெட்டித் தாளில் அவன் எண்கள் வாரத்துக்கு வாரம் இறங்கின. என் எண்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அவன் முழங்கால் வலி போய்விட்டது என்றான். ஏணியில் தனியாக ஏறுகிறேன் என்றான். நான் “நல்லது மச்சான்” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். பிறகு மத்தியானச் சாப்பாட்டில் கை வைத்தேன். தலைமுடி கொட்டியது. படி ஏறினால் கண் இருட்டியது. கிடங்கில் ஒருநாள் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாரும் பார்ப்பதற்குள் எழுந்துகொண்டேன்.

அந்த நாட்களில் மச்சானிடம் நான் பார்த்தவற்றை இப்போது வரிசையாக அடுக்க முடிகிறது. அப்போதும் பார்த்தேன். பார்க்காமல் இல்லை. நடையில் பாதி வழியில் அவன் மரத்தடி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தான். முதுகில், விலாவுக்குக் கீழே, கையை வைத்து அழுத்திக்கொள்வான். “ஏணி தூக்கித் தூக்கி வந்த வலி” என்பான். கையையும் காலையும் சொறிந்துகொண்டே இருப்பான். ஒருநாள் கடையில் கை கழுவும்போது அவன் கல்யாண மோதிரம் விரலிலிருந்து நழுவிக் கால்வாயில் விழுந்தது. நானே முட்டிபோட்டு எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? “கொடுத்து வச்சவன்லா நீ” என்றேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அவன் அதைச் சொன்னான். அதே பெஞ்ச். வெயில் இன்னும் ஏறவில்லை.

“மச்சான், ஒண்ணு சொல்றேன். யாருகிட்டயும் சொல்லாத.”

“என்ன?”

“நான் டயட்டை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. சோறு, ரொட்டி, எல்லாம் சாப்பிடுறேன். ஆனாலும் இறங்கிக்கிட்டே இருக்கு.” சிரித்தான். “உடம்பு பழகிருச்சி போல.”

எனக்குள் இரண்டு உணர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் நிம்மதி. இவன் என்னைவிடக் கட்டுப்பாடானவன் இல்லை, நான் தோற்கவில்லை. அடுத்து கோபம். நான் பட்டினி கிடந்து கெஞ்சுவதை இவனுக்கு யாரோ சும்மா தூக்கிக் கொடுக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு நினைப்பு வந்திருக்க வேண்டும். சாப்பிடுகிறவன் ஏன் இளைக்கிறான் என்று. வந்தது. மெலிதாக, தூரத்தில் யாரோ கூப்பிடுவதுபோல் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“அக்காகிட்ட சொல்லலையா?” என்று கேட்டேன். அவன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

“சொன்னா கிளினிக்குக்கு இழுத்துட்டுப் போவாள்லா. ஏர்கோன் சீசன் இப்ப. எல்லாரும் நல்லா இருக்கேன்னு சொல்றாங்க, அது போதும்.”

நானும் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, “எங்கண்ணே மொகமே மாறிப்போச்சு. கன்னமெல்லாம் ஒட்டிப்போயி, அப்பா கடைசியில இருந்த மாதிரி இருக்கு” என்றாள். “டயட்ல இருக்கான், அப்படித்தான் இருக்கும்” என்று சொன்னவன் நான். அவன் டயட்டில் இல்லை என்று தெரிந்த ஒரே ஆளும் நான்தான்.

ஏழு வாரம் அப்படிப் போனது.

மறுபடி திருவிழா வந்தது. அதே கோயில், அதே உருமி. மச்சான் சட்டையைக் கழற்றினான். சுற்றி நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். போன வருடம் எங்களை எடுத்த அதே கைகள் கைத்தொலைபேசிகளைத் தூக்கின. ஓர் அத்தை அவன் கன்னத்தைத் தொட்டு, “கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டியே” என்றாள். நான் சட்டையின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு பந்தல் காலோரம் நின்றேன். அவன் என்னைப் பார்த்து வா, வா என்று கையாட்டினான். நான் வரவில்லை என்று தலையசைத்தேன். செம்பனை வரிசைகளுக்குள் வெளிச்சம் நுழையாமல் கறுப்பாகக் கிடந்தது. அந்தப் பின்னணியில் அவன் தோள் எலும்புகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனதில் ஓடியது ஒன்றுதான்: இவனுக்குத் தோல் ஏன் என்னைப்போல் இவ்வளவு தொங்கவில்லை?

அன்னதானத்தின்போது எங்கள் எதிரில் தோட்டத்தின் பழைய டிரஸர் உட்கார்ந்திருந்தார். தோட்ட ஆஸ்பத்திரி இருந்த காலத்தில் ஊசி போட்டு, மருந்து கலந்து கொடுத்தவர். ஓய்வு பெற்றுச் சித்தியவானில் மகன் வீட்டில் இருந்தார். அவர் சாப்பிடவில்லை. மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, எதுவும் கேட்காமல், கட்டைவிரலால் அவன் கீழ் இமையை இழுத்தார்.

“வெளிச்சத்துக்கு வா.”

மச்சான் சிரித்துக்கொண்டே பந்தலுக்கு வெளியே போனான். டிரஸர் இரண்டு கண்களையும் பார்த்தார்.

“மூத்திரம் எப்படிப் போவுது? மஞ்சளா?”

“கொஞ்சம் கறுப்பா, பாலில்லாத தே ஓ மாதிரி. தண்ணி கம்மியா குடிக்கிறேன் அண்ணே.”

“சொறியுதா?”

மச்சானின் கை அப்போதும் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தது.

“நாளைக்குக் காலையிலே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. நாளன்னைக்கு இல்ல. நாளைக்கு.” சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். “நீதானே கூடவே நடக்குறவன்? நீ பாக்கலையா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் கண்ணில் மஞ்சளை நான் பார்த்திருந்தேன். காலை வெளிச்சம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கணையத்தில் புற்று வந்திருந்தது. ஈரலுக்கும் போயிருந்தது. இளம் டாக்டர் ஒருவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து மெதுவாகச் சொன்னார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நாளாக இளைக்கிறார் என்று டாக்டர் கேட்டார். “அவரு டயட்ல இருந்தாரு டாக்டர்” என்றாள் அக்கா. நான் பக்கத்தில் நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

வார்டில் தினமும் காலையில் நர்ஸ் அவனை எடை பார்ப்பாள். முதலில் நிற்க வைத்து, பிறகு நாற்காலியோடு சேர்த்து. நான் வேலைக்குப் போகும் முன் அங்கே இருப்பேன். நர்ஸ் எழுதும்போது என் கண் தானாக அந்த எண்ணுக்குப் போகும். போனதும் என் எண்ணோடு ஒப்பிடும். என் மச்சான் சாகக் கிடக்கிறான். என் கண் கணக்குப் போடுகிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று முதல்முறையாகப் பயந்தேன்.

அவன் அதைக் கவனித்துவிட்டான்.

“எவ்ளோ காட்டுச்சி?” என்றான் ஒருநாள்.

நான் சொன்னேன்.

“ஜெயிச்சிட்டேன்லா.” சிரிக்கப் பார்த்தான். இருமல் வந்தது.

அன்றுதான் பேசினேன். அக்கா சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாள்.

“மச்சான், நீ பெஞ்ச்ல வச்சி சொன்னே. சாப்பிட்டும் இளைக்குதுன்னு. நான் யாருகிட்டயும் சொல்லல. எனக்குப் பொறாமையா இருந்திச்சி.”

அவன் நெடுநேரம் மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்தான். மன்னிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் அப்படிப்பட்டவன்தான், எதையும் சிரித்துத் தள்ளிவிடுவான்.

“நான்தான் சொல்லாதன்னேன்” என்றான். கண்ணை மூடினான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். பிறகு, மூடிய கண்ணோடே, “ஆனா நீ சொல்லியிருக்கலாம் மச்சான்” என்றான்.

ஏழு வாரம் முன்னால் தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியுமா என்று பின்னாளில் டாக்டரிடம் கேட்டேன். இந்த வகை நோயில் அநேகமாக முடியாது என்றார். அநேகமாக என்ற சொல்லை அவர் விடவில்லை. நானும் விட முடியவில்லை.

மூன்று மாதத்தில் போய்விட்டான். வீட்டில் வைத்துக் குளிப்பாட்டினோம். ஆண்கள் நான்கு பேர். தண்ணீர் ஊற்ற ஊற்ற என் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. யாரோ, “சட்டையக் கழட்டிருங்க அண்ணே, அப்படித்தான் செய்யணும்” என்றார்கள். கழற்றினேன். ஒன்றேகால் வருடத்தில் முதல்முறையாக நாலு பேருக்கு முன்னால். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நானும் என்னைப் பார்க்கவில்லை. அவன் விலாவை, கைகளை, ஒட்டிய வயிற்றைத் துடைத்தேன். ஊரே மெச்சிய உடம்பு. என் கைக்கு அடியில் ஈரத் துணி மாதிரி எடையே இல்லாமல் கிடந்தது.

இத்தோடு என் நோய் தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். தீரவில்லை.

கருமாதிக்கு வந்தவர்கள் என்னை வேறுமாதிரிப் பார்த்தார்கள். “நீயும் இப்படி இளைச்சிருக்கியே, செக் பண்ணிட்டியா?” என்று காதோரம் கேட்டார்கள். ஒரு வருடம் முன்னால் பாராட்டாக இருந்தது இப்போது விசாரிப்பாகிவிட்டது. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. முன்பு நானே மறுத்தேன். இப்போது தொண்டையே மறுத்தது. எடை இன்னும் குறைந்தது. என் மனைவி சாப்பாட்டு மேசையில் என் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் எண்ணுவாள். ஒருநாள் தட்டைத் தள்ளியபோது அவள் கத்தவில்லை. “எங்கண்ணனைக் குளிப்பாட்டின கையாலயே உங்களையும் குளிப்பாட்டச் சொல்லப் போறீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அதில் என் கையும் ஒன்று என்பது அப்போது அவள் நினைவில் இல்லை. அழுதுகொண்டே கேட்டாள்.

அடுத்த நாள் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். எல்லாச் சோதனையும் செய்தார்கள். ஒன்றுமில்லை. அங்கிருந்த மலாய் டாக்டரம்மா தாள்களை மூடி வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை முறை கண்ணாடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. எத்தனை முறை என்று திரும்பக் கேட்டார். எண்ணியதே இல்லை என்றேன். எண்ணி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் தாளின் ஒரு பக்கம் கோடுகளால் நிறைந்துவிட்டது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கிடங்கில் அழுதேன்.

அதன் பிறகு மாதம் ஒருமுறை ஆலோசகரிடம் போகிறேன். மனசு சம்பந்தப்பட்ட இடத்துக்கு ஆம்பிளை போவதா என்று முதலில் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்தினேன். இப்போது வாசலிலேயே நிறுத்துகிறேன். குளியலறைக் கண்ணாடியைப் பாதி உயரத்துக்குத் தாளால் மறைத்திருக்கிறேன். முகம் மட்டும் தெரியும், சவரத்துக்குப் போதும். மனைவியோடு உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். கிளினிக்கில் எடை பார்க்கும்போது கருவிக்கு முதுகைக் காட்டி ஏறுவேன். நர்ஸ் எழுதிக்கொள்வாள், எனக்குச் சொல்ல மாட்டாள். அப்படி ஓர் ஏற்பாடு. ஒன்றரை வருடமாக என் எடை எனக்குத் தெரியாது. கால்சட்டை கொஞ்சம் இறுகியபோது பயந்தேன். அந்தப் பயத்தோடேயே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

போன செவ்வாய்க்கிழமை புதிதாக வந்த நர்ஸ் ஒருத்திக்கு இந்த ஏற்பாடு தெரியவில்லை. எண்ணை வாய்விட்டுப் படித்தாள். பழைய எண்ணைப் பார்த்து, “மூணு கிலோ குறைஞ்சிருக்கு, பாகுஸ்” என்றாள். பாகுஸ் என்றால் நல்லது.

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். மூன்று வேளையும். என் மனைவி சாட்சி.

அந்த எண்ணைக் கேட்டதும் எனக்குள் முதலில் எழுந்தது சந்தோஷம். சின்னதாக, குளிர்ச்சியாக. அதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு அதுதான் முதலில் வந்தது. பயம் அதற்குப் பின்னால்தான் வந்தது, கிளினிக் வாசலில் காரைத் திறக்கும்போது. உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன்.

“மூணு கிலோ குறைஞ்சிருக்கு” என்றேன்.

அந்தப் பக்கம் சட்டி வைக்கும் சத்தம் நின்றது.

“சாப்பிடாம இருக்கீங்களா? உண்மையச் சொல்லுங்க.”

“சாப்பிடுறேன். நீதான் பாக்குறியே.”

அவள் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

“திரும்ப உள்ள போங்க. டாக்டர்கிட்ட சொல்லுங்க. நான் கிராப் டாக்சி புடிச்சி வாரேன்.”

திரும்ப உள்ளே போனேன். டாக்டரம்மாவிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டதையும் சேர்த்தே சொன்னேன். அவர் இரண்டையும் எழுதிக்கொண்டார். இரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனுக்கு நாள் குறித்தார்கள். மனைவி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. குன்றுகள் மறைந்துவிட்டன.

ஸ்கேன் வரும் வியாழக்கிழமை.